ஆடாத நாட்களின் கணக்கு

கால்பந்து ரசிகர்களிடம் முடிவே இல்லாத சண்டைகள் சில உண்டு. பெலேவா மரடோனாவா என்பது ஒன்று. அதே அளவுக்கு ஓயாத இன்னொன்று, அடிக்கடி காயப்படும் நல்ல மிட்ஃபீல்டர் ஒருவரை அணியில் வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்பது. ஒரு தரப்பு சொல்லும்: “அவன் ஆடுற அன்னிக்கு லீக்ல அவனுக்கு ஈடா ஒருத்தன் கிடையாது.” மறு தரப்பிடம் பதில் தயாராக இருக்கும்: “மொதல்ல ஆடட்டும் சார்.” பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆர்சனல் ரசிகர்களுக்கு ரோசிட்ஸ்கி, டியாபி, வில்ஷியர். மான்செஸ்டர் யுனைடெட்காரர்களுக்கு ஹார்க்ரீவ்ஸ். லிவர்பூல்காரர்களுக்கு தியாகோ. சண்டை அதேதான்.

நம் ஊர்ப் பழமொழிகளில் இரண்டு தரப்புக்கும் இடம் இருக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முதல் கட்சி. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பது இரண்டாவது கட்சி. இரண்டு பேரும் யானையைத்தான் பார்க்கிறார்கள். யானை வேலைக்கு வராத நாளில் மரத்தை யார் தூக்குவது என்று கூப்பின் முதலாளி யோசித்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படுகிறது. காயப்படும் ஆட்டக்காரனின் மதிப்பு அவன் உடம்பில் மட்டும் இல்லை. அவன் ஆடாத நாட்களுக்காக அணி என்ன ஏற்பாடு செய்தது என்பதில் பெரும்பகுதி இருக்கிறது. கால்பந்து வரலாற்றில் இதற்குச் சாட்சி சொல்ல ஒருவரை மட்டும் கூப்பிடச் சொன்னால் நான் பிரையன் ராப்சனைக் கூப்பிடுவேன்.

அவர் ஆடியதை நான் நேரலையில் பார்த்ததில்லை. பழைய ஒளிப்பதிவுகளில் பார்த்ததுதான். ஆனால் அவரைப் பற்றி இங்கிலாந்தில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த வாதத்தைப் படிக்கும்போது, இன்று காலை நடந்த சண்டையைப் படிப்பது போலவே இருக்கும்.

1

ராப்சன் 1957-இல் வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் பிறந்தவர். அப்பா லாரி ஓட்டுநர். 15 வயதில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப்பில் பயிற்சி ஆட்டக்காரராகச் சேரும்போது உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். திறமை இருக்கிறது, உடம்பு இல்லை. கிளப் அவரைத் தேற்றியெடுக்க ஓர் உணவுத் திட்டம் போட்டது: பச்சை முட்டை, கின்னஸ் பீர், ஷெர்ரி, மசித்த உருளைக்கிழங்கு. இன்றைய ஊட்டச்சத்து நிபுணர்கள் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். பையன் தேறினான்.

1976-77 சீசனில், 20 வயதை ஒட்டிய அந்த ஒரே பருவத்தில், அவருக்கு மூன்று முறை எலும்பு முறிந்தது. முதல் முறிவு முழுதாக ஆறுவதற்குள் ரிசர்வ் ஆட்டம் ஒன்றில் இறங்க, மறுபடியும் முறிந்தது. அதிலிருந்து மீண்டு வந்தவருக்கு ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியுடனான ஆட்டத்தில் இன்னொரு காலின் கணுக்கால் போனது.

இந்த இரண்டாவது முறிவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதல் முறிவு விபத்து. இரண்டாவது, அவசரம். ஆறாத எலும்போடு ஆடவந்தவரின் ஆர்வத்தைக் குறை சொல்ல முடியாது. 19 வயதுப் பையன் வேறு எப்படி இருப்பான்? அவனை இறங்கவிட்டவர்கள் பெரியவர்கள். ஆனால் ரசிகர்களின் கணக்கில் இரண்டு முறிவுகளும் ஒரே பத்தியில்தான் ஏறும்: ‘அடிக்கடி காயப்படுபவன்.’ அந்தச் சொல் வந்துவிட்டால், காயம் எப்படி வந்தது என்ற கேள்வி அதோடு முடிந்துவிடுகிறது. தலைவலிக்காரன், ஆஸ்துமாக்காரன் என்பதுபோல காயம் அவனுடைய குணமாகவே ஆகிவிடுகிறது.

2

1981 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் அவரை 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அன்று பிரிட்டனில் அதுவரை யாருக்கும் தராத தொகை. வாங்கிய மேலாளர் ரான் அட்கின்சன், வெஸ்ட் பிராமிலேயே ராப்சனை வைத்து ஆடியவர். உடம்பைத் தெரிந்தேதான் வாங்கினார். ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தின் நடுவே மேசை போட்டு, கூட்டத்தின் முன்னால் கையெழுத்து வாங்கினார்கள்.

ராப்சன் என்ன வகை மிட்ஃபீல்டர் என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். தன் பெனால்டி பாக்ஸில் பந்தைப் பறிப்பார், அதே பந்து எதிரணிப் பெனால்டி பாக்ஸுக்குப் போய்ச் சேரும்போது அதை கோலுக்குள் தள்ள அவரே அங்கே இருப்பார். 1982 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக 27-ஆவது நொடியில் அடித்த கோல் அந்த ஓட்டத்தின் விளைவு. மற்றவர்கள் காலை இழுத்துக்கொள்ளும் இடங்களில் அவர் தலையைக் கொடுப்பார். அதாவது, அவருடைய மதிப்பும் அவருடைய காயமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. “கொஞ்சம் பாத்து ஆடக் கூடாதா?” என்று கேட்ட ரசிகர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். பார்த்து ஆடினால் அவர் ராப்சன் இல்லை.

ஒரு ஸ்ட்ரைக்கர் இல்லாமல் போனால் அணிக்கு கோல் குறையும். இப்படிப்பட்ட ஒரு மிட்ஃபீல்டர் இல்லாமல் போனால் மற்ற பத்துப் பேரும் நிற்கும் இடமே மாறிவிடும். டிஃபெண்டருக்கு முன்னால் காவல் இல்லை, விங்கருக்குப் பந்து வரவில்லை, ஸ்ட்ரைக்கர் பின்னால் இறங்கி வருகிறார். ரசிகர்கள் மிட்ஃபீல்டரைப் பற்றி மட்டும் ஏன் இவ்வளவு ஆவேசமாகச் சண்டை போடுகிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1984 மார்ச் 21. கோப்பை வென்றோர் கோப்பைக்கான காலிறுதி. முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 2-0 என்று தோற்றுவிட்டு, மரடோனா ஆடிய அதே பார்சிலோனாவை ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட் 3-0 என்று வென்றது. ராப்சன் இரண்டு கோல். ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். யுனைடெட்காரர்களிடம் கேட்டால் அந்த மைதானத்தின் மிகச் சிறந்த இரவுகளில் ஒன்று என்பார்கள்.

அடுத்த மாதம் அரையிறுதி. எதிரே பிளாட்டினி, போனியெக், ரோஸ்ஸி எல்லாம் இருந்த யுவெண்டஸ். ராப்சன் ஹாம்ஸ்ட்ரிங் காயத்தால் இரண்டு ஆட்டங்களிலும் இல்லை. முதல் ஆட்டம் 1-1. துரினில் இரண்டாவது ஆட்டத்தின் கடைசி நேரத்தில் ரோஸ்ஸி கோலடிக்க, யுனைடெட் வெளியேறியது. லீகிலும் அந்த ஆண்டு பட்டத்துக்குப் பக்கத்தில் போய் நான்காவதாக முடித்தார்கள்.

தோளில் தூக்கியவர்களுக்கும் ‘இந்த ஆளை நம்பி எதையும் செய்ய முடியாது’ என்றவர்களுக்கும் இடையே இருந்தது ஐந்து வாரங்கள்தான்.

3

1985-86 சீசனில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. யுனைடெட் லீகின் முதல் பத்து ஆட்டங்களையும் வென்றது. பட்டம் கடைசியாக வந்தது 1967-இல். இந்த முறை விடமாட்டோம் என்று ஊரே நம்பியது. அக்டோபரில் ராப்சனின் ஹாம்ஸ்ட்ரிங் போனது. திரும்பி வந்தார், மறுபடி போனார். மார்ச்சில் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தில் தோள்பட்டை இறங்கியது. 42 லீக் ஆட்டங்களில் அவர் பாதி அளவுக்குத்தான் ஆடினார். யுனைடெட் நான்காவது இடம். லிவர்பூல் லீகையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து அள்ளியது.

‘ராப்சன் இல்லாததால் தோற்றோம்’ என்பது ஒரு கட்சி. ‘பாதி நாள் இல்லாதவரை நம்பியதால் தோற்றோம்’ என்பது இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரண்டு உச்சரிப்புகள். மூன்றாவது கேள்வியை அன்று யாரிடம் கேட்க வேண்டும் என்றால் அட்கின்சனிடம்தான்: ஐந்து ஆண்டுகளாகத் தெரிந்த ஒரு விஷயத்துக்கு மாற்று ஏற்பாடு எங்கே?

அதே கோடையில் மெக்சிகோ உலகக் கோப்பை. இங்கிலாந்தின் மேலாளர் பாபி ராப்சன். பெயர் ஒன்று, உறவு ஏதும் இல்லை. போட்டிக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோவோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் கேப்டனின் தோள்பட்டை மறுபடி இறங்கியது. ஆனாலும் அவரைக் கழற்றிவிட மேலாளருக்கு மனம் வரவில்லை. தோளைக் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடினார். போர்ச்சுகலிடம் 1-0 தோல்வி. இரண்டாவது ஆட்டத்தில் மொரோக்கோவுக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன்னால், தோள்பட்டை மீண்டும் இறங்கியது. வலியில் முகம் சுருங்க அவர் வெளியேறிய சில நிமிடங்களிலேயே ரே வில்கின்ஸ் நடுவரை நோக்கிப் பந்தை எறிந்து சிவப்பு அட்டை வாங்கினார். 0-0. கேப்டனும் இல்லை, துணைக்கு இருந்தவரும் இல்லை. எல்லாம் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின.

மூன்றாவது ஆட்டத்தில் பாபி ராப்சன் நடுக்களத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. பீட்டர் ரீட், ஸ்டீவ் ஹாட்ஜ், டிரெவர் ஸ்டீவன் ஆகியோர் வந்தார்கள். முன்னால் லினேக்கருக்குத் துணையாக பியர்ட்ஸ்லி. போலந்தை 3-0 என்று வென்றார்கள், மூன்றும் லினேக்கர். அடுத்து பராகுவேயை 3-0. காலிறுதியில்தான் மரடோனாவின் அந்தக் கையும் அந்தக் காலும். நம்மில் பலருக்கு 1986 என்றால் அந்த ஒரு ஆட்டம்தான். அந்த ஆட்டத்துக்கு இங்கிலாந்து வந்து சேர்ந்ததே ஒரு தோள்பட்டை இறங்கியதால்தான் என்பது அதன் பின்கதை.

அதிலும் ஒரு வேடிக்கை. ராப்சனுக்குப் பதிலாக வந்த பீட்டர் ரீட் யார்? போல்டனில் ஆடும்போது கால் உடைந்து, முட்டி கெட்டு, ‘இனி தேற மாட்டார்’ என்று ஒதுக்கப்பட்டவர். 1982 கடைசியில் எவர்டன் அவரை வெறும் 60,000 பவுண்டுக்கு வாங்கியது. 1985-இல் சக வீரர்கள் வாக்களித்து அவரை ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணாடி என்று பெயர் வாங்கிய ஒருவரின் இடத்தை நிரப்பியவர், அதற்கு முன்பே அந்தப் பெயரை வாங்கிக் கடந்து வந்தவர்.

1990-இல் இத்தாலியிலும் இதே வரிசை. ராப்சன் கேப்டன், இரண்டாவது ஆட்டத்தில், நெதர்லாந்துக்கு எதிராக, காயம், வீட்டுக்குத் திரும்பினார். அந்த ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய டேவிட் பிளாட் பெல்ஜியத்துக்கு எதிராக 119-ஆவது நிமிடத்தில் கோலடித்தார். இங்கிலாந்து அரையிறுதி வரை போனது.

ஆக, ராப்சன் இல்லாமல் யுனைடெட் இரண்டு முறை சரிந்தது. ராப்சன் இல்லாமல் இங்கிலாந்து இரண்டு முறை எழுந்தது. ஆள் ஒருவர்தான், உடம்பும் அதே உடம்பு. இதை வைத்து ‘அவர் இல்லாவிட்டால்தான் நல்லது’ என்று வாதிட்டவர்கள் உண்டு. எனக்கு அது தவறான முடிவாகத் தெரிகிறது. உலகக் கோப்பைக்கு மேலாளர் 22 பேரை அழைத்துப்போக வேண்டும் என்பது விதி. ரீடும் பிளாட்டும் பெஞ்சில் இருந்தே ஆக வேண்டிய கட்டாயம். கிளப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

4

கிளப்புகள் ஏன் அப்படி இருந்தன என்பதற்கு ஆட்ட விதிகளிலேயே ஒரு காரணம் இருக்கிறது. இங்கிலாந்து லீகில் 1965 வரை மாற்று வீரர் என்ற வழக்கமே கிடையாது. காலில் அடிபட்டவரை விங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே நொண்டிக்கொண்டு நிற்பார், அணி பத்துப் பேரோடு ஆடும். 1965-இல் ஒரு மாற்று வீரர் வந்தார், அதுவும் காயத்துக்கு மட்டும். இரண்டாவது மாற்று வீரர் வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. இப்போதிருக்கும் ஐந்து பேர் பிரீமியர் லீகில் நிரந்தரமானது 2022-23-இல்தான். வலியோடு நிற்பவனே வீரன் என்ற எண்ணம் அந்தப் பழைய காலத்தில் உருவானது. வேறு ஆள் இல்லாத ஊரில் அது நியாயமான எண்ணமும்கூட. ஆள் வந்த பிறகும் எண்ணம் போகவில்லை என்பதுதான் சிக்கல்.

1989 செப்டம்பர் 6, ஸ்டாக்ஹோம். சுவீடனுக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். டெர்ரி புட்சருக்குத் தலையில் அடி. தையல் போட்டு, கட்டுக் கட்டி, வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தமாக ஆடி முடித்தார். அந்தப் புகைப்படம் இன்றும் இங்கிலாந்துக் கால்பந்து வீரத்தின் சின்னம். அதே ஆட்டத்தில் நீல் வெப் என்ற மிட்ஃபீல்டருக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. அவர் அந்தக் கோடையில்தான் யுனைடெட்டுக்கு வந்திருந்தார். பழைய வேகம் அவருக்குத் திரும்பவே இல்லை. அதற்குப் புகழ்பெற்ற புகைப்படம் ஏதும் கிடையாது. ரத்தம் தெரிகிற காயம் தியாகம் ஆகிவிடுகிறது. தோலுக்கு அடியில் அறுந்த காயத்துக்கு ரசிகரிடம் பொறுமை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ராப்சன் பற்றிய வாதத்தில் குடியும் வரும். எண்பதுகளின் யுனைடெட் அணி குடிக்குப் பேர்போனது. ராப்சன், நார்மன் வைட்சைட், பால் மெக்ராத் மூவரும் அதில் முன்வரிசை. உடம்பைப் பேணாதவருக்குக் காயம் வராமல் என்ன செய்யும் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட்டால் மெக்ராத்தின் கதையை விளக்க முடியாது.

1986 நவம்பரில் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் ஃபெர்குசன், 1989-இல் வைட்சைடையும் மெக்ராத்தையும் அனுப்பினார். மெக்ராத்தின் முட்டிகள் பல அறுவை சிகிச்சைகளைப் பார்த்தவை. ஓய்வு பெற்றுவிடலாமே என்ற யோசனைகூட யுனைடெட்டில் அவர் முன் வைக்கப்பட்டது. ஆஸ்டன் வில்லா வாங்கியது. வில்லா செய்தது ஒரு எளிய காரியம்: வாரம் முழுக்க மற்றவர்களோடு ஓடவைத்து முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தியது. பிசியோதெரபிஸ்ட் ஜிம் வாக்கரின் மேற்பார்வையில் லேசான உடற்பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம். அவ்வளவுதான். மெக்ராத் அங்கே ஏழு சீசன் ஆடினார். 1993-இல், 33 வயதில், சக வீரர்களின் வாக்கில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். குடிப்பழக்கம் அவரை விடவில்லை. முட்டியும் புதிதாக முளைக்கவில்லை. மாறியது, கிளப் அவரை நடத்திய விதம்.

5

ராப்சனை ஃபெர்குசன் அனுப்பவில்லை. கேப்டனாகவே வைத்துக்கொண்டார். ஆனால் அட்கின்சன் செய்யாத ஒன்றைச் செய்தார். 1989-இல் வெப், பால் இன்ஸ் என்று நடுக்களத்துக்கு ஆள் வாங்கத் தொடங்கினார். வெப்புக்கு நேர்ந்ததைப் பார்த்தோம், இன்ஸ் நிலைத்தார். ராப்சன் இருந்தால் வரம், இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்ற நிலைக்கு அணி மெல்ல நகர்ந்தது.

1990 எஃப்.ஏ. கோப்பையில் ஓல்டமுக்கு எதிரான அரையிறுதியில் ராப்சன் ஒரு கோல், கிரிஸ்டல் பேலஸுக்கு எதிரான இறுதியில் ஒரு கோல். அந்தக் கோப்பையைக் கேப்டனாக மூன்றாவது முறை தூக்கினார். யுனைடெட்டில் ஃபெர்குசனின் முதல் கோப்பையும் அதுதான். அந்தக் குளிர்காலத்தில் அவர் வேலையே ஊசலாடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ராட்டர்டாமில் பார்சிலோனாவை வென்று கோப்பை வென்றோர் கோப்பை. 1993-இல், 26 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வந்தபோது ராப்சனுக்கு 36 வயது. பெரும்பாலான நாட்களில் பெஞ்ச். ஸ்டீவ் புரூஸும் அவரும் சேர்ந்து கோப்பையைத் தூக்கினார்கள். கடைசி ஆட்டத்தில் விம்பிள்டனுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். அவரால்தான் வரும் என்று நம்பிய காலமெல்லாம் வராத பட்டம், அவர் இல்லாமலும் சமாளிக்கக் கற்றுக்கொண்ட ஆண்டில் வந்தது. அந்தக் கோடையிலேயே ராய் கீன் வாங்கப்பட்டார்.

யுனைடெட்டுக்காக 461 ஆட்டம், 99 கோல். இங்கிலாந்துக்காக 90 ஆட்டம், அதில் 65-இல் கேப்டன். ‘அடிக்கடி காயப்படுபவர்’ என்ற பட்டத்தோடு இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

6

எதிர்ப்பக்கத்துக் கதை அபு டியாபியுடையது. 2006 ஜனவரியில் ஆர்சனலுக்கு வந்தார். மே 1, சண்டர்லாந்தில் ஆட்டம். சண்டர்லாந்து ஏற்கெனவே கீழ் லீகுக்கு இறங்குவது உறுதி. ஆர்சனல் 3-0 என்று முன்னிலை. ஆட்டம் முடியும் நேரம். டான் ஸ்மித்தின் டேக்கிள் ஒன்றில் டியாபியின் கணுக்கால் உடைந்து பிசகியது. 20-ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் பாக்கி. பிறகு வந்த தொடை, கெண்டை, முட்டிக் காயங்கள் எல்லாவற்றுக்கும் வேர் அந்த டேக்கிள்தான் என்று மேலாளர் ஆர்சென் வெங்கர் சொல்லிவந்தார். மருத்துவத்திலும் இது புதிய செய்தி இல்லை. ஒரு மூட்டு சரியாக மடங்காவிட்டால் அடுத்த தசை அதன் பாரத்தைச் சுமக்கும். ஒரு முறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். அடுத்து யாருக்குக் காயம் வரும் என்று சொல்வதற்கு இருக்கும் மிக நல்ல குறிப்பு, ஏற்கெனவே யாருக்குக் காயம் வந்தது என்பதுதான்.

டியாபி ஆர்சனலில் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து 180 ஆட்டங்கள் ஆடினார். ரசிகர்கள் அவரை வைத்துச் செய்த கேலிக்கு அளவே இல்லை. அவர் மருத்துவமனையிலேயே குடியிருக்கிறார் என்றார்கள். சம்பளம் எவ்வளவு, ஆட்டத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தார்கள். நான் பார்க்கச் சொல்வது வேறு ஒரு வகுத்தல். 2012 ஆகஸ்டில் அலெக்ஸ் சாங்கை பார்சிலோனாவுக்கு விற்ற ஆர்சனல், அவருக்கு நேர் மாற்றாக யாரையும் வாங்கவில்லை. டியாபி திரும்பி வந்துவிட்டார் என்பதே பதில். செப்டம்பர் 2, ஆன்ஃபீல்ட். லிவர்பூலை 2-0 என்று வென்ற அந்த ஆட்டத்தில் டியாபி நீண்ட கால்களால் பந்தைத் தள்ளிக்கொண்டு நடுக்களத்தைக் கடந்ததைப் பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி செல்சிக்கு எதிராக முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியேறினார். அடுத்த மார்ச்சில் பயிற்சியில் முட்டித் தசைநார் அறுந்தது.

புதிய மைதானத்துக்கு வாங்கிய கடனை அடைத்துக்கொண்டிருந்த கிளப்புக்கு, காத்திருப்பது ஆள் வாங்குவதைவிட மலிவு. வெங்கரின் நம்பிக்கை உண்மையான அன்பிலிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அன்பு, உடைந்த ஒரு கணுக்காலின் மேல் ஒரு முழு நடுக்களத்தை ஏற்றி வைத்தது. யுனைடெட்டில் அட்கின்சன் செய்த அதே காரியம். அணி சரிந்தபோது திட்டு வாங்கியது டியாபி.

சம்பளம் என்று வந்ததால் ஃபெர்னாண்டோ ரெடோண்டோவையும் சொல்ல வேண்டும். 2000-இல் ரியல் மாட்ரிட்டிலிருந்து மிலானுக்குப் போனவர், ஆரம்பப் பயிற்சியிலேயே முட்டி கெட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. தான் ஆடாத காலத்துக்குச் சம்பளம் வேண்டாம் என்று அவரே கிளப்பிடம் சொன்னார். அவரை மனிதருள் மாணிக்கம் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதை ஓர் அளவுகோலாக்கி டியாபியை அளப்பது கொடுமை. கட்டட வேலையில் கால் உடைந்த கொத்தனாரிடம் ‘கூலி வேண்டாம்னு நீயே சொல்லிடு’ என்று நம்மில் யாரும் கேட்க மாட்டோம்.

7

ஐரோப்பிய கால்பந்துச் சங்கத்துக்காக 2001 முதல் யான் எக்ஸ்ட்ராண்ட் என்ற மருத்துவரின் தலைமையில் பெரிய கிளப்புகளின் காயங்களைக் கணக்கெடுத்து வருகிறார்கள். 25 பேர் கொண்ட அணியில் ஒரு சீசனுக்கு ஏறக்குறைய 50 காயங்கள் வரும் என்பது அதில் தெரிந்த ஒரு உண்மை. தலைக்கு இரண்டு. காயம் குறைவாக இருக்கும் அணிகள் லீகில் மேலே முடிக்கின்றன என்பது இன்னொன்று. அதாவது, காயம் எதிர்பாராத விபத்து என்று எந்தக் கிளப்பும் சொல்லித் தப்ப முடியாது. மழைக்காலத்தில் மழை வந்துவிட்டது என்று புகார் சொல்வது போன்றது அது.

ஆகவே அடுத்த முறை இந்தச் சண்டை வரும்போது, ஆட்டக்காரனின் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டுப்பாருங்கள். முதல் காயம் எப்படி வந்தது, அதிலிருந்து எத்தனை நாளில் திரும்ப இறக்கினார்கள்? அவன் இல்லாத நாளுக்கு என்று அணியில் யார் இருக்கிறார்? அந்த ஆளை வாங்காமல் மிச்சம் பிடித்தது யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகும் அந்த மிட்ஃபீல்டரை அனுப்பத்தான் வேண்டும் என்று தோன்றலாம். ஃபெர்குசனுக்கு மெக்ராத் விஷயத்தில் அப்படித்தான் தோன்றியது. தவறில்லை. கணக்கைச் சரியான பெயரில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

2014 மே 11 அன்று, சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில், நாரிச்சில் டியாபி மாற்று வீரராக இறங்கினார். முட்டித் தசைநார் அறுந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அன்று அவருக்கு 28-ஆவது பிறந்தநாள். ஆர்சனல் 2-0 என்று வென்றது. பட்டியலில் எதையும் மாற்றாத ஆட்டம். அந்த மாலையைச் சம்பளத்தால் வகுத்தால் என்ன எண் வரும் என்று தெரியவில்லை. அவர் எல்லைக்கோட்டருகே ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடியதற்கு அந்த எண்ணோடு சம்பந்தம் இருந்திருக்காது.